பக்கிங்காம் டியூக்: நான்கு முறை பிறந்து நான்கு முறை அழிந்த ஒரு பட்டம்

இங்கிலாந்து வரலாற்றில் 'இரண்டாம் பக்கிங்காம் டியூக்' என்று குறிக்கத்தக்கவர்கள் நான்கு பேர். ஒருவர் 1483-ல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து சால்ஸ்பரியில் தலை வெட்டப்பட்டார். இன்னொருவர் இரண்டாம் சார்லஸின் அமைச்சராக இருந்து 1687-ல் யார்க்‌ஷரில் இறந்தார். மூன்றாமவர் 1735-ல் ரோம் நகரில் காசநோயால் இறந்தபோது அவருக்கு 19 வயது. நான்காமவர் 1848-ல் கடனுக்காகத் தன் மாளிகையின் பொருள்களையெல்லாம் ஏலத்தில் இழந்தார். நால்வரும் ஒரே பரம்பரையில் அடுத்தடுத்து வந்தவர்கள் அல்லர். நான்கு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பிரபுப் பட்டங்களைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். பட்டத்தின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் எல்லாம் குழம்பிவிடும். பட்டம் என்பது மன்னர் கொடுத்த ஒரு கொடை. அது யாருக்குப் போகும், எப்போது நின்றுபோகும் என்ற விதியும் அந்தக் கொடையோடு சேர்ந்தே வருகிறது. விதியைத் தெரிந்துகொண்டால் பட்டம் ஏன் அழிந்தது என்பது தானே விளங்கும். இதைக் காட்டுவதற்கு பக்கிங்காமை விடப் பொருத்தமான பட்டம் கிடையாது. அது அழிந்த ஒவ்வொரு முறையும் காரணமோ பின்விளைவோ வேறுபட்டது.

முதலில் அடிப்படை. பிரபுப் பட்டங்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பரோன். இங்கிலாந்தின் முதல் டியூக் பட்டம் 1337-ல் வந்தது. மூன்றாம் எட்வர்ட் தன் மூத்த மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். மார்க்வெஸ் 1385-லும் வைகவுண்ட் 1440-லும் சேர்ந்தன. ஒரே ஆளிடம் பல படிகளில் பல பட்டங்கள் குவிவது வழக்கம். டியூக் ஒருவர் அதே நேரத்தில் மார்க்வெஸாகவும் ஏர்லாகவும் பரோனாகவும் இருப்பார். வெளியே தெரிவது மிக உயர்ந்த பட்டம் மட்டுமே. மற்றவை அதன் அடியில் தனித்தனி உயிரோடு இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1889-க்கு வரும்போது தேவைப்படும்.

பிற்காலத்துப் பட்டங்கள் ஏறத்தாழ எல்லாமே அரச முத்திரையிட்ட பட்டயத்தால் உண்டாக்கப்பட்டவை. பட்டயத்தில் நாம் தேட வேண்டியது வாரிசு பற்றிய வாசகம். பெரும்பாலான பட்டயங்களில் இருப்பது ஒரே வகை வாசகம்: பட்டம் பெற்றவருடைய 'சட்டப்படி பிறந்த உடல்வழி ஆண் வாரிசுகளுக்கு'. இந்தச் சில சொற்களுக்குள் நான்கு வடிகட்டிகள் இருக்கின்றன. வாரிசு ஆணாக இருக்க வேண்டும். ஆண் வழியாகவே தொடர்பு வர வேண்டும், அதாவது மகளின் மகன் சேரமாட்டான். முதன்முதலில் பட்டம் பெற்றவரின் வம்சத்தில் வந்தவராக இருக்க வேண்டும், ஆகவே அவருடைய தம்பிக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் இடமில்லை. முறையான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும். நான்கையும் தாண்டி வருகிறவர் ஒருவரும் மிஞ்சாத நாளில் பட்டம் அற்றுப்போகிறது. அறிவிப்பு எதுவும் தேவையில்லை. கடைசி ஆள் இறந்த கணத்தில் அது முடிந்துவிடும்.

மன்னர் விரும்பினால் இந்த வாசகத்தை மாற்றி எழுதலாம். அதற்குச் சிறப்பு வாரிசு விதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தம்பிக்கு, தங்கை மகனுக்கு, மகளுக்கு என்று பெயர் குறித்தே வழி அமைத்த பட்டயங்கள் உண்டு. போர்களில் வென்ற மார்ல்பரோ டியூக்குக்கு மகன்கள் பிழைக்கவில்லை என்பதால் 1706-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அவருடைய மகள்களுக்கு வழிவிட்டது. 1722-ல் அவர் இறந்தபோது மூத்த மகள் ஹென்றியட்டா டியூக் பட்டத்தை ஏற்றார். அந்தப் பட்டம் இன்றும் இருக்கிறது.

இனி பக்கிங்காமுக்கு வருவோம்.

முதல் படைப்பு 1444. ஸ்டாஃபோர்ட் குடும்பத்து ஹம்ஃப்ரி டியூக் ஆனார். 1460-ல் நார்தாம்ப்டன் போரில் கொல்லப்பட்டார். மூத்த மகன் முன்பே இறந்துவிட்டதால் சிறுவனான பேரன் ஹென்றி பட்டத்துக்கு வந்தார். 1483-ல் தலை இழந்தவர் இவர்தான். அவரோடு பட்டமும் பறிபோனது. ஆனால் இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. ஏழாம் ஹென்றி 1485-ல் அரியணை ஏறியதும் இறந்தவரின் மகன் எட்வர்டுக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த எட்வர்டும் 1521 மே 17 அன்று லண்டன் டவர் ஹில்லில் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி கொல்லப்பட்டார். மூன்றாம் எட்வர்ட் மன்னரின் வழியில் வந்தவர் என்பதே மன்னருக்கு அவர்மேல் சந்தேகம் வளரப் போதுமானதாக இருந்தது.

கவனியுங்கள், எட்வர்டுக்கு மகன் இருந்தார். வாரிசு இல்லாமல் போகவில்லை. பட்டம் இங்கே அற்றுப்போகவில்லை, பறிமுதல் ஆனது. துரோகக் குற்றம் சுமத்தி நாடாளுமன்றம் நிறைவேற்றும் அட்டெய்ண்டர் என்னும் சட்டம், குற்றவாளியின் சொத்தையும் பட்டத்தையும் பறிப்பதோடு அவருடைய இரத்த வழியையே கெட்டதாகக் கருதியது. அவர் மூலம் யாரும் எதையும் வாரிசாகப் பெற முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பறிமுதலான பட்டத்தை இன்னொரு சட்டத்தால் மீட்க முடியும். 1485-ல் நடந்தது அதுதான். அற்றுப்போன பட்டத்தை மீட்க முடியாது. அதே பெயரில் புதிதாக ஒன்றைப் படைக்கத்தான் முடியும். பழைய பட்டியல்களில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் இருக்கிறது. படிக்கிறவர் இறந்தவருக்கு மகன் இருந்தாரா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. துரோகக் குற்றத்துக்குப் பட்டத்தையும் சொத்தையும் பறிக்கும் முறையை 1870-ல் ஒரு சட்டம் ஒழித்தது.

ஸ்டாஃபோர்டுகளின் முடிவு இதைவிடத் துயரமானது. எட்வர்டின் மகனுக்கு 1547-ல் ஸ்டாஃபோர்ட் பரோன் என்ற சிறிய பட்டம் மட்டும் கிடைத்தது. அந்தக் கிளை வறுமையில் தேய்ந்தது. 1637-ல் பட்டத்துக்குரிய இளைஞர் இறந்தபோது அடுத்த உரிமை ரோஜர் ஸ்டாஃபோர்ட் என்ற முதியவருக்கு வந்தது. தலை வெட்டப்பட்ட கடைசி டியூக்கின் கொள்ளுப்பேரன் அவர். அவருடைய சகோதரி ஒரு தச்சரை மணந்திருந்தார். அவர்களுடைய மகன் ஷ்ரோப்‌ஷரின் நியூபோர்ட் ஊரில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஏழை ஒருவர் பிரபுவாக இருப்பதை முதலாம் சார்லஸ் விரும்பவில்லை. 1639-ல் ரோஜர் 800 பவுண்டு வாங்கிக்கொண்டு பட்டத்தை மன்னரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே இறந்தார்.

இப்படி ஒப்படைப்பது செல்லுமா? இதற்கும் விடை பக்கிங்காம் பெயரோடு தொடர்புடைய இன்னொரு குடும்பத்தின் வழக்கிலிருந்தே வந்தது.

வில்லியர்ஸ் குடும்பம். லெஸ்டர்‌ஷரில் 1592-ல் பிறந்த ஜார்ஜ் வில்லியர்ஸ் 1614-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் கண்ணில் பட்டார். மதுக் கிண்ணம் ஏந்தும் பணியில் தொடங்கி, 1616-ல் வைகவுண்ட், 1617-ல் பக்கிங்காம் ஏர்ல், 1618-ல் மார்க்வெஸ், 1623 மே மாதத்தில் டியூக் என்று ஏறினார். 1572-ல் நார்ஃபோக் டியூக்கின் தலை வெட்டப்பட்ட பிறகு அரை நூற்றாண்டு காலம் இங்கிலாந்தில் அரச குடும்பத்துக்கு வெளியே டியூக்கே இல்லாத நிலையில் இது நடந்தது. அவருடைய தாயாருக்கும் 1618-ல் பக்கிங்காம் கவுண்டெஸ் (ஏர்லுக்கு இணையான பெண் பட்டம்) என்ற பட்டம் கிடைத்தது. அது ஆயுள் காலத்துக்கு மட்டும். 1632-ல் அவர் இறந்ததும் முடிந்தது. வாரிசு வாசகமே இல்லாத பட்டயத்துக்கு இது நல்ல உதாரணம்.

1628 ஆகஸ்ட் 23 அன்று போர்ட்ஸ்மத்தில் ஜான் ஃபெல்டன் என்ற ராணுவ அதிகாரி டியூக்கைக் குத்திக் கொன்றார். மகன் ஜார்ஜ் பிறந்து ஏழு மாதம்கூட முடியவில்லை. கைக்குழந்தை இரண்டாம் டியூக் ஆனது. வாரிசுக்கு வயது ஒரு தடையே அல்ல. இந்த இரண்டாம் டியூக் 1672-ல் லண்டன் தேம்ஸ் கரையில் இருந்த தன் யார்க் மாளிகையை 30,000 பவுண்டுக்கு விற்றார். அங்கே போடப்படும் தெருக்களுக்குத் தன் பெயரையும் பட்டத்தையும் வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஜார்ஜ், வில்லியர்ஸ், டியூக், பக்கிங்காம் என்று தெருக்கள் வந்தன. 'ஆஃப்' என்ற இடைச்சொல்லுக்குக்கூட ஒரு சந்து ஒதுக்கப்பட்டது. சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் பக்கத்தில் வில்லியர்ஸ் தெருவும் பக்கிங்காம் தெருவும் இன்றும் இருக்கின்றன. அவருக்கு முறையான வாரிசு பிறக்கவில்லை. 1687 ஏப்ரல் 16 அன்று அவரோடு டியூக் பட்டம் அற்றுப்போனது. யாரும் பறிக்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வாரிசு வாசகத்துக்குள் வருகிற ஆள் இல்லை, அவ்வளவே.

முதல் டியூக்குக்கு ஜான் என்று அண்ணன் ஒருவர் இருந்தார். அவருக்குப் பர்பெக் வைகவுண்ட் என்ற தனிப் பட்டம் உண்டு. அவர் மனைவிக்குப் பிறந்த ராபர்ட் உண்மையில் வேறொருவரின் மகன் என்பது ஊரறிந்த செய்தி. ராபர்ட் 1660-ல் பட்டத்தை மன்னரிடம் சட்டப்படி ஒப்படைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு அவருடைய மகன் பட்டம் கேட்டு வந்தார். பிரபுக்கள் சபை 1678-ல் தீர்ப்புச் சொன்னது: பட்டத்தை மன்னரிடம் ஒப்படைப்பது செல்லாது. பட்டம் வைத்திருப்பவர் அடுத்து வருகிறவரின் உரிமையை அழிக்க முடியாது. இந்த அளவுகோலை வைத்தால் ரோஜர் ஸ்டாஃபோர்ட் 800 பவுண்டுக்குச் செய்த ஒப்பந்தமும் சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் அவருக்கு அந்தத் தீர்ப்பு நாற்பது ஆண்டு தாமதம். பிறப்பைப் பற்றிய ஐயத்தால் பர்பெக் குடும்பத்துக்கும் சபையில் இடம் கிடைக்கவில்லை. பட்டத்தைச் சட்டப்படி துறக்கும் வழி 1963-ல்தான் பிறந்தது. அந்தச் சட்டத்திலும் துறப்பவரின் ஆயுளுக்கு மட்டுமே துறப்பு. இறந்ததும் வாரிசு ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது குடும்பம் ஷெஃபீல்ட். இவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் இதில் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. ஜான் ஷெஃபீல்ட் 1703-ல் டியூக் ஆனார். வில்லியர்ஸ் வழியினர் உரிமை கோரக்கூடும் என்ற எச்சரிக்கையால் 'பக்கிங்காம் கவுண்டியின் டியூக், நார்மன்பியின் டியூக்' என்று பட்டத்தின் வாசகத்தை மாற்றி அமைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. லண்டனில் அவர் கட்டிய பக்கிங்காம் ஹவுஸ்தான் பின்னாளில் வளர்ந்து பக்கிங்காம் அரண்மனை ஆனது. 1721-ல் அவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் எட்மண்ட் திருமணம் ஆகாமலே 1735-ல் ரோமில் இறந்தார். பட்டம் அற்றுப்போனது. ஆனால் ஜானுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த சார்லஸ் என்ற மகன் உயிரோடு இருந்தார். சொத்து அவருக்குப் போனது. பட்டம் போகவில்லை. சொத்தை உயிலில் யாருக்கும் எழுதி வைக்கலாம், பட்டத்தை எழுதி வைக்க முடியாது. 1761-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்காம் ஹவுஸை விலைக்கு வாங்கியது இந்தச் சார்லஸிடமிருந்துதான். பக்கிங்காம் என்ற பெயரோடு இருந்த வீட்டை, பக்கிங்காம் பட்டம் இல்லாத ஒருவர் விற்றார்.

இனி நான்காவது படைப்பு. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பக்கிங்காம் இதுதான்.

பக்கிங்காம்‌ஷரில் ஸ்டோ என்ற பெரிய மாளிகையும் தோட்டமும் டெம்பிள் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்து ரிச்சர்ட் டெம்பிள் 1718-ல் கோபம் வைகவுண்ட் ஆனார். பிள்ளைகள் இல்லை. அதனால் அவருடைய பட்டயத்தில் ஒரு சிறப்பு வாரிசு விதி: அவருக்குப் பின் தங்கை ஹெஸ்டருக்கும் அவருடைய ஆண் வழிக்கும், அந்த வழி முடிந்தால் இன்னொரு தங்கை கிறிஸ்டியனுக்கும் அவருடைய ஆண் வழிக்கும். ஹெஸ்டர் மணந்தது கிரென்வில் குடும்பத்தில். கிறிஸ்டியன் மணந்தது லிட்டில்டன் குடும்பத்தில். 1749-ல் ஹெஸ்டர் கோபம் பட்டத்தைப் பெற்றார், அதே ஆண்டில் டெம்பிள் கவுண்டெஸும் ஆனார்.

ஹெஸ்டரின் பேரன் ஜார்ஜ் 1784-ல் பக்கிங்காம் மார்க்வெஸ் ஆனார். அவர் அயர்லாந்தின் நியூஜென்ட் ஏர்லின் மகளை மணந்திருந்ததால், மருமகனுக்குப் போகும் சிறப்பு விதியின்படி மாமனாரின் பட்டமும் 1788-ல் அவரிடம் வந்தது. அவருடைய மகன் ரிச்சர்ட் 1796-ல் கடைசிச் சாண்டோஸ் டியூக்கின் ஒரே மகளான அன்னா எலைசாவை மணந்தார். மாமனாரின் டியூக் பட்டம் 1789-லேயே அற்றுப்போயிருந்தது. மகள் அதைப் பெற முடியாது. ஆனால் 1822 பிப்ரவரி 4 அன்று மருமகனைப் பக்கிங்காம் மற்றும் சாண்டோஸ் டியூக் ஆக்கியபோது அந்தப் பெயர் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒரு பெயர் திரும்பி வருவதால் பழைய பட்டம் உயிர்த்தெழுந்தது என்று பொருளில்லை. எண்ணிக்கை ஒன்றிலிருந்தே தொடங்கும். திருமணத்தில் வந்த ஒவ்வொரு வாரிசு உரிமையும் குடும்பப் பெயரிலும் ஏறியது: டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஸ்டோவில் இருக்கும் அவர்களுடைய குலச்சின்ன ஓவியத்தில் 719 கட்டங்கள்.

1822 பட்டயத்தில் டியூக் பட்டத்தோடு ஸ்டோவின் டெம்பிள் ஏர்ல் என்ற பட்டமும் தரப்பட்டது. ஏற்கனவே டெம்பிள் ஏர்ல் ஒன்று கையில் இருக்க, இன்னொன்று எதற்கு? வாரிசு விதியைப் பார்த்தால் தெரியும். புதிய ஏர்ல் பட்டம், டியூக்கின் ஆண் வழி முடிந்தால் அவருடைய பேத்தி அன்னுக்கும் அவளுடைய ஆண் வழிக்கும் போகும் என்று எழுதப்பட்டது. அன் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பின்னாளில் மூன்றாம் டியூக் ஆன தம்பி இன்னும் பிறக்கவில்லை, 1823 செப்டம்பரில்தான் பிறந்தான். பேரன் பிறக்காமல் போகக்கூடும் என்று எண்ணி எழுதிய காப்பு இது. அது 67 ஆண்டு கழித்துப் பயன்பட்டது.

இடையில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. டியூக்கின் மூத்த மகன், தந்தை உயிரோடு இருக்கும்போது, தந்தையின் துணைப் பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் பயன்படுத்துவார். அது சட்டப்படி அவருடைய பட்டம் அல்ல. 1832 சீர்திருத்தச் சட்டத்தில் கிராமத்துக் குத்தகைக்காரர்களுக்கு வாக்குரிமை தந்த 'சாண்டோஸ் பிரிவு' புகழ்பெற்றது. அதைக் கொண்டுவந்த சாண்டோஸ் மார்க்வெஸ், பின்னாளில் இரண்டாம் டியூக் ஆனவர். மரியாதைப் பட்டம் என்பதால்தான் அவர் மக்கள் சபையில் உட்கார முடிந்தது. 1839-ல் அவர் டியூக் ஆனதும் சாண்டோஸ் மார்க்வெஸ் என்ற பெயர் அவருடைய மகனுக்கு இறங்கியது. ஆக 1835-ல் சாண்டோஸ் என்றால் தந்தை, 1855-ல் சாண்டோஸ் என்றால் மகன். ஆண்டைப் பார்க்காமல் ஆளைச் சொல்லவே கூடாது.

இந்த இரண்டாம் டியூக்தான் குடும்பத்தை மூழ்கடித்தவர். 1845-ல் விக்டோரியா ராணியை ஸ்டோவில் விருந்தோம்பினார். 1847-ல் கடன் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் நின்றது. 1848 ஆகஸ்டில் தொடங்கி நாற்பது நாள் ஸ்டோ மாளிகையின் பொருள்கள் ஏலம் போயின. கிடைத்தது சுமார் 75,000 பவுண்டு. ஷேக்ஸ்பியருடையது என்று கருதப்படும் புகழ்பெற்ற உருவப்படம் அதில் 355 கினிக்கு (பவுண்டைவிடச் சற்றுக் கூடிய பழைய நாணயக் கணக்கு) விலைபோனது. இன்று லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தைச் சாண்டோஸ் படம் என்று அழைப்பது இந்தக் குடும்பத்தின் பெயரால்தான். பட்டத்துக்கு இதனால் எந்தக் குறையும் வரவில்லை. திவாலானால் பட்டம் போகாது.

மூன்றாம் டியூக் ரிச்சர்ட் தந்தையைப் போல் அல்லர். லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக 1853 முதல் 1861 வரை இருந்தார். தன் நிலத்தில் 1871-ல் ஒரு சிறு ரயில் பாதை போட்டார். 1867-68-ல் காலனிகளுக்கான அமைச்சர். 1875 நவம்பரில் சென்னை மாகாண ஆளுநராக வந்து 1880 டிசம்பர் வரை இருந்தார். தாது வருடப் பஞ்சம் அவர் காலத்தில்தான் நடந்தது. பஞ்ச நிவாரண வேலையாக அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் வெட்டி இணைத்த கால்வாய், அவர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆங்கிலேயர் பெயர்களைப் புரட்டுகிறவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, பஞ்ச காலத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வந்து, கூலி தானியத்தை நாளைக்கு ஒரு ராத்தலாகக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிள் வேறு ஆள். டியூக்கின் பெயரும் ரிச்சர்ட் டெம்பிள் என்றே தொடங்குவதால் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டு, டியூக்குக்கு முன் ஆளுநராக இருந்து 1875-ல் சென்னையிலேயே இறந்த ஹோபார்ட் பிரபு, பக்கிங்காம்‌ஷர் ஏர்ல் குடும்பத்தைச் சேர்ந்தவர். பக்கிங்காம்‌ஷர் ஏர்ல் பட்டம் 1746-ல் வந்த தனிப் பட்டம், பக்கிங்காம் டியூக்கோடு தொடர்பில்லாதது.

1889 மார்ச் 26 அன்று மூன்றாம் டியூக் இறந்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. 1885-ல் செய்த இரண்டாம் திருமணத்திலும் பிள்ளை இல்லை. அன்று அவர் கையில் இருந்த பட்டங்கள் ஒவ்வொன்றும் தன் தன் விதிப்படி பிரிந்த விதம், இந்தப் பாடம் முழுவதையும் ஒரே நாளில் காட்டுகிறது.

பக்கிங்காம் மற்றும் சாண்டோஸ் டியூக், சாண்டோஸ் மார்க்வெஸ் ஆகிய 1822-ன் பட்டங்களும், 1784-ன் பக்கிங்காம் மார்க்வெஸும் ஆண் வழிக்கு மட்டும் உரியவை என்பதால் அற்றுப்போயின. 1749-ன் டெம்பிள் ஏர்லும், அயர்லாந்தின் நியூஜென்ட் ஏர்லும் அப்படியே. ஆனால் ஸ்டோவின் டெம்பிள் ஏர்ல், இரண்டு வயதில் பட்டயத்தில் பெயர் எழுதப்பட்ட அந்த அக்காவின் வழிக்குப் போனது. அன் 1879-ல் இறந்துவிட்டிருந்தார். அவருடைய மகன் வில்லியம் கோர்-லாங்டன் நான்காம் ஏர்ல் ஆனார். எண் ஒன்றில் தொடங்காததைப் பாருங்கள். இது பழைய பட்டத்தின் தொடர்ச்சி, ஆகவே மூன்று டியூக்குகளும் முதல் மூன்று ஏர்ல்களாக எண்ணப்பட்டார்கள். கோபம் வைகவுண்ட் பட்டம், ஹெஸ்டரின் ஆண் வழி முடிந்ததால், 1718-ன் விதியில் இரண்டாவதாகக் குறித்த கிறிஸ்டியனின் வழிக்கு, 171 ஆண்டு கழித்து, லிட்டில்டன் குடும்பத்துக்குப் போனது. சார்லஸ் லிட்டில்டன் எட்டாம் கோபம் வைகவுண்ட் ஆனார்.

இன்னும் ஒன்று மிச்சம். ஸ்காட்லாந்தின் கின்லாஸ் பிரபு என்ற பட்டம் 1602-ல் தொடங்கியது. சாண்டோஸ் குடும்பத்துப் பாட்டி அன்னா எலைசாவின் வழியாக வந்த இந்த உரிமையை மூன்றாம் டியூக் 1868-ல் பிரபுக்கள் சபையில் நிரூபித்துப் பெற்றிருந்தார். இது பெண்ணுக்கும் போகும். ஸ்காட்லாந்து வழக்கப்படி மூத்த மகளுக்கு முழுதாகப் போகும். எனவே மூத்த மகள் மேரி, கின்லாஸ் பெருமாட்டி ஆனார்.

இதே மூன்று மகள்கள் இங்கிலாந்தின் பழைய பரோன் பட்டம் ஒன்றுக்கு வாரிசாக இருந்திருந்தால் கதை வேறு. பட்டயம் இல்லாமல், நாடாளுமன்றத்துக்கு வரும்படி மன்னர் அனுப்பிய அழைப்பாணையாலேயே உண்டான பரோன் பட்டங்கள் பெண்களுக்கும் போகும். ஆனால் மகள்களுக்குள் மூத்தவள், இளையவள் என்ற வேறுபாடு கிடையாது. பட்டத்தைத் துண்டாக்கவும் முடியாது. அதனால் மூன்று மகள்கள் என்றால் யாருக்கும் கொடுக்காமல் பட்டம் கிடப்பில் விழும். ஒரு கிளை மட்டும் மிஞ்சும் வரையிலோ, மன்னர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வரையிலோ கிடக்கும். நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த பட்டங்களைத் தூசி தட்டி எழுப்பும் வழக்கம் அதிகமானதால், 1927-ல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று எல்லை வகுத்தது: நூறு ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்ததையும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான உரிமை உள்ளவரின் கோரிக்கையையும் ஏற்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கிடப்பு என்பது அழிவு அல்ல. உறக்க நிலை என்று இன்னொன்றும் உண்டு: வாரிசு இருக்கக்கூடும், ஆனால் யாரும் நிரூபித்துக் கோரவில்லை. மன்னரே பட்டத்தை வைத்திருந்தால் அது அரசுரிமையில் கரைந்துவிடும். யார்க் டியூக்காக இருந்த நான்காம் எட்வர்ட் 1461-ல் மன்னரானபோது அப்படித்தான் ஆனது.

அற்றுப்போனதாகச் சொல்லப்படும் ஏதாவது ஒரு பட்டத்தை நீங்களே ஆராய விரும்பினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் படைக்கப்பட்ட ஆண்டைப் பிடியுங்கள், ஒரே பெயரில் பல படைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் எடுங்கள். ஆண்டு தெரிந்தால் அது எந்த நாட்டுப் பட்டம் என்பதும் தெரியும்: 1707 வரை இங்கிலாந்து, பிறகு 1800 வரை கிரேட் பிரிட்டன், 1801 முதல் ஐக்கிய இராச்சியம். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் தனி. பக்கிங்காமில் முதல் மூன்று டியூக் படைப்புகள் இங்கிலாந்துடையவை, மார்க்வெஸ் கிரேட் பிரிட்டனுடையது, கடைசி டியூக் ஐக்கிய இராச்சியத்துடையது. அடுத்து வாரிசு வாசகம். அதன் பிறகே வம்சாவளி மரம். பலர் மரத்தில் தொடங்கி, பட்டம் பெற்றவரின் தம்பி வழியில் உயிரோடு ஓர் ஆணைக் கண்டுபிடித்து, பட்டம் அழியவில்லை என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். வாசகத்தில் தம்பிக்கு இடமில்லை என்றால் அந்தக் கிளையால் பயனில்லை.

மரத்தில் வரும் ஒவ்வொரு பிறப்புக்கும் பெற்றோர் திருமணத்தின் தேதியைச் சரிபாருங்கள். 1926-ல் வந்த சட்டப்படி, பெற்றோர் பிறகு மணந்துகொண்டால் முன்பு பிறந்த குழந்தையும் முறையான குழந்தை ஆகும், ஆனால் பட்டங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று சட்டமே விலக்கி வைத்தது. தத்துப் பிள்ளைக்கும் பட்டம் போகாது. உண்மையில் உரிமை கோருகிறவர் மன்னருக்கு மனுச் செய்ய வேண்டும். சிக்கலான வழக்குகள் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழுவுக்குப் போகும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குடும்பக் கதைகள் செல்லாது, ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் உயிலும் வேண்டும். ஏற்கப்பட்ட வாரிசுகளின் பெயரைக் காக்கும் அதிகாரபூர்வப் பதிவேடு 2004-ல் தொடங்கப்பட்டது. அதில் பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் பட்டத்தோடு குறிப்பிடமாட்டார்கள்.

பக்கிங்காம் டியூக் பட்டத்துக்கு 1889-க்குப் பின் புதிய படைப்பு இல்லை. மன்னர் நினைத்தால் ஐந்தாம் முறையும் படைக்கலாம், சட்டத்தில் தடை ஏதும் இல்லை. அப்படி வந்தால் அவர் மீண்டும் முதலாம் டியூக்காகவே எண்ணப்படுவார். ஸ்டோ மாளிகை 1921-ல் குடும்பத்தின் கையை விட்டுப்போய் 1923 முதல் பள்ளியாக நடக்கிறது. கோபம் வைகவுண்டும் ஸ்டோவின் டெம்பிள் ஏர்லும் இன்றும் உயிரோடு இருக்கும் பட்டங்கள்.